தலையாட்டி பொம்மை இருக்க, ஆப்பிரிக்க முகமூடி எதற்கு?

மன்னார்குடி அம்மா:
மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் 'உலகக் கலாச்சாரம்' ப்ராஜெக்ட். கதைப் புத்தகத்தில் வந்த 'ஆப்பிரிக்க முகமூடி'யைச் செய்து வர வேண்டுமாம். காகிதத் தட்டு, கலர் இறகு, ஜிகினா, பசை எல்லாம் சேர்த்து 380 ரூபாய். ராத்திரி பதினொரு மணிக்கு இறகு ஒட்டியது நான்; பையன் தூங்கிவிட்டான். மறுநாள் மூன்று நட்சத்திரம் வாங்கி வந்தவனிடம், "இதை யார்டா போட்டுக்குவாங்க?" என்றேன். "ஆப்பிரிக்கா" என்றான். 54 நாடுகள் இருக்கிற கண்டம் அவனுக்கு ஒரு காகிதத் தட்டு. பக்கத்திலேயே தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை செய்கிறார்கள், சுவாமிமலையில் சிலை வார்க்கிறார்கள். முதலில் நம் ஊர், அப்புறம் உலகம்.

வலங்கைமான் ஆசிரியை:
உங்கள் கோபம் நியாயமானதுதான். அதற்காக உலகத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. நான் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் ஜப்பானின் தருமா பொம்மை வரும் படக்கதை ஒன்றை வாசித்தோம். காகிதக் கூழில் செய்யும் சிவப்புப் பொம்மை அது. தகாசாகி என்ற ஊர் அதற்குப் பேர் போனது. கை கால் கிடையாது. தள்ளினால் தானே எழுந்து நிற்கும். படத்தைப் பார்த்ததுமே கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், இது நம்ம தஞ்சாவூர் பொம்மை!" என்று கத்தினாள். தருமா என்பது போதிதர்மர்தான், அவர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் பக்கம் சொல்வார்கள் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

செலவே இல்லை. கொட்டாங்குச்சி, வாய்க்கால் கரைக் களிமண், மேலே பழைய பேப்பரில் ஒரு கூம்பு. முதல் நாள் எல்லாப் பொம்மையும் எழுந்து நின்றன. இரண்டு நாளில் மண் காய்ந்து சுருங்கி, கழன்று ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. பாதிப் பொம்மைகள் சாய்ந்தே கிடந்தன. கனம் அடியில், நட்டநடுவில் இருந்தால்தான் நிமிரும் என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைகளே ஆட்டிப் பார்த்து, மண் கட்டியை நடுவில் வைத்துப் பசை போட்டு ஒட்டினார்கள். தஞ்சாவூர் பொம்மையை மட்டும் காட்டியிருந்தால், 'எங்க வீட்லயே இருக்கு டீச்சர்' என்று போயிருப்பார்கள்.

பொம்மைக்காரர் வீட்டுப் பிள்ளை, தஞ்சாவூர்:
டீச்சர், எனக்கு ஒரு வருத்தம். தருமாவுக்குக் கண் எப்படி வரைந்தீர்கள்? வாங்கும்போது இரண்டு கண்ணும் வெறுமையாக இருக்கும். வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மை வைப்பார்கள்; நினைத்தது நடந்த பிறகுதான் அடுத்தது. சுவாமிமலை ஸ்தபதிகளும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதை விட்டுவிட்டால் கையில் இருப்பது வெறும் சிவப்புக் கூம்பு.

அக்கா, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொலு சீசனைத் தவிர எங்கள் தெருவை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. நம் ஊர்க் கலை முக்கியம் என்றால், ஒரு நாள் கூலி கொடுத்து எங்கள் அப்பா மாதிரி ஒருவரைப் பள்ளிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், மயிலாடுதுறை:
இரண்டு பேருமே அவசரப்படுகிறீர்கள். ஒரு பானையைப் பார்த்து வரையத் தெரியாத பிள்ளைக்கு ஜப்பானும் வேண்டாம், தஞ்சாவூரும் வேண்டாம். வாரம் ஒரு ஓவிய பீரியட் இருந்தால் அதையும் கணக்குக்கு வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

வலங்கைமான் ஆசிரியை:
தம்பி, கண் விஷயத்தில் தப்பு என்னுடையது. இரண்டையும் ஒரே நாளில் வரைய விட்டுவிட்டேன். சார், பீரியட் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் பென்சிலைத் தொடவே பயப்படும் என் மாணவன் ஒருவன், மண்ணைப் பிசைந்த அன்றுதான் என்னிடம் முதன்முதலாக வாய் திறந்து பேசினான். கோடு வரும்வரை அவனைக் காத்திருக்க வைக்க எனக்கு மனசில்லை.

மன்னார்குடி அம்மா:
வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ப்ராஜெக்டை நான் இன்னும் எதிர்க்கிறேன். வகுப்பில் பிள்ளை தன் கையால் செய்ததற்கு மட்டும் நட்சத்திரம் போடட்டும். தம்பி சொன்னதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். நேற்று ராத்திரி பையனிடம் போதிதர்மர் கதையைச் சொன்னேன். காலையிலிருந்து கொட்டாங்குச்சி கேட்டு நச்சரிக்கிறான். மண் எவ்வளவு வைக்கணும் டீச்சர்?

வலங்கைமான் ஆசிரியை:
பாதிக்கும் குறைவாக. தேங்காய்க் கண் இல்லாத மூடியாக எடுங்கள், அதுதான் தட்டாமல் ஆடும். மண்ணோடு வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் பிசைந்தால் அவ்வளவாகச் சுருங்காது. பொம்மையின் கண்ணை அவனே வரையட்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்.