பைக்கின் பழுதைச் சொல்லும் எண்ணான கோட், அழித்த மறுநாளே திரும்பி வந்தது, உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

போன மாதம் பைக்கைப் பிரஷர் வாட்டரில் ஆசை தீரக் கழுவினேன். மறுநாள் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால், வழக்கமாக அணைந்துவிடும் மஞ்சள் இன்ஜின் லைட் அணையவே இல்லை. வண்டி ஓடியது. ஆனால் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜினைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, ஃபேன் மட்டும் உச்சி வெயிலில் நிற்பது போல அலறுகிறது. அது ஒரு துப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. லைட் அணைந்தால் போதும் என்பதுதான் என் கவலை.

சீட்டுக்கு அடியில், பழுது படிக்கும் கருவியை மாட்டுவதற்கான சிவப்பு நிற ஆறு பின் கப்ளர் ஒன்று இருந்தது. ஐஎஸ்ஓ 19689 தரத்தில் வருவது. புதிய வண்டிகள் பலவற்றில் இதுதான். கார்களில் கோட் படிக்கும் 16 பின் ஓபிடி அடாப்டர் இதில் நேராகப் பொருந்தாது, நடுவில் ஒரு கேபிள் வேண்டும். கேபிளும் இஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரும் வாங்கினேன். முதலில் வந்த அடாப்டர் போனோடு இணைந்தது, வண்டியோடு பேசவில்லை. நகல் சரக்கு, மேலே பெரிய வெர்ஷன் எண் அச்சடித்திருந்தார்கள், உள்ளே பாதிக் கட்டளைகள் இல்லை. மாற்றி வாங்கியது பேசியது. இதற்குள் சில நாள் ஓடிவிட்டது, ஃபேன் தொல்லையும் தானாக நின்றிருந்தது. லைட் மட்டும் எரிந்தது.

ஆப்பைத் திறந்தேன். ஒரு கோட் இருப்பதாகக் காட்டியது. அதற்குக் கீழேயே அழிக்கும் பட்டன். என்ன கோட் என்று படிக்கக்கூட இல்லை, அழுத்திவிட்டேன். லைட் அணைந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டாத குறைதான்.

மறுநாள் ஒரு மேடு பள்ளமான சாலையில் போகும்போது லைட் திரும்ப வந்தது, ஃபேனும் கூடவே வந்தது. இந்த முறை படித்தேன்: பி0118. கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். இந்தச் சென்சார் குளிரக் குளிர மின்தடை கூடும் வகை. ஒயர் அறுந்தாலோ பின் விட்டுப் போனாலோ தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்கு இன்ஜின் உறைபனியில் கிடப்பது போலத் தெரியும். உண்மைச் சூடு தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓட விடுகிறது. கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய வைத்து, மாட்டி, கோட்டை அழித்தேன். நாலு நாளாகச் சத்தமில்லை.

எனக்கு வலித்தது வேறு. அழிக்கும்போது கோட் மட்டும் போவதில்லையாம். பழுது பதிவான நொடியில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, சூடு என்ன என்று இசியு பிடித்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடுகிறது. முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று இருந்திருக்கும், அந்த ஒரு எண்ணே போதும். சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*

நண்பரே, உங்களிடம் ஆப்பாவது இருந்தது. நான் ஜெம் கிளிப் காலத்து ஆள்.

ஹோண்டாவின் பல மாடல்களில் ஸ்கேனர் இல்லாமலே கோட் படிக்கலாம். சர்வீஸ் கப்ளரில் இரண்டு பின்களை ஒயரால் இணைத்துவிட்டு, இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சை ஓடும் நிலையில் வைத்து, சாவியைப் போட்டால் இன்ஜின் லைட் கண்ணடித்துச் சொல்லும். நீளமாக ஒரு முறை எரிந்தால் 10, குட்டையாக ஒரு முறை எரிந்தால் 1. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12, இன்ஜெக்டர். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் 21, ஆக்சிஜன் சென்சார்.

என் வண்டி சொன்னது 21. நான் எண்ணியது 12. அரைத் தூக்கத்தில் காலையில் உட்கார்ந்து எண்ணினால் அப்படித்தான். டேங்கைத் தூக்கி, இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றி மாட்டி, அரை நாள் போனது. அதிலும் சாவி ஆனில் இருக்கும்போதே கப்ளரைக் கழற்றியதால் இல்லாத 12 நிஜமாகவே பதிவாகிவிட்டது! அடுத்த முறை லைட் இரண்டு கோட்டையும் மாறி மாறிச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் மீட்டரைப் போனில் வீடியோ எடுத்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் விளங்கியது. அன்றிலிருந்து வீடியோ எடுக்காமல் எண்ணுவதே இல்லை.

ஆக்சிஜன் சென்சார் கெடவும் இல்லை. அதற்கு முந்தின வாரம் சைலன்ஸரைக் கழற்றி மாட்டியபோது அதன் ஒயரை நானே கிளாம்புக்கு அடியில் நசுக்கியிருந்தேன்.

அழிக்கும் முறை ஒரு சின்ன வித்தை. ஒயர் மாட்டியபடி சாவியைப் போட வேண்டும். பிறகு ஒயரை எடுத்தால் லைட் சுமார் 5 நொடி நின்று எரியும். அது எரிந்துகொண்டிருக்கும்போதே ஒயரைத் திரும்ப மாட்ட வேண்டும். லைட் அணைந்து கண்ணடிக்க ஆரம்பித்தால் அழிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு நாலாவது முயற்சியில்தான் நேரம் கூடி வந்தது. எந்த இரண்டு பின் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் குத்தினால் ஃபியூஸ் போவதே நல்ல முடிவு, அதற்கு மேலேயும் நடக்கும்.

சுஸுகியில் இதே போலக் கப்ளரை ஷார்ட் செய்தால் பல மாடல்களில் மீட்டரிலேயே சி என்ற எழுத்தோடு எண் வரும். சி00 என்று வந்தால் பழுது எதுவும் இல்லை. எண்ணத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் லாயக்கு.

*

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் அழிந்துவிடும் என்று எனக்கு ஒருவர் சொன்னார். கழற்றி, ஒரு ராத்திரி முழுக்க விட்டு, மாட்டினேன். அழிந்தது கடிகாரமும் ட்ரிப் மீட்டரும்தான். கோட் அப்படியே உட்கார்ந்திருந்தது. பெரும்பாலான இசியுக்கள் மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தில்தான் கோட்டை எழுதி வைக்கின்றன. பழைய சில வண்டிகளில் பலித்திருக்கலாம், என்னுடையதில் பலிக்கவில்லை.

ஆனால் வேடிக்கை, குற்றவாளியே பேட்டரிதான். என் வண்டியில் ஒரே நேரத்தில் ஐந்து கோட் இருந்தன. த்ராட்டில் சென்சார், காற்றழுத்தச் சென்சார் என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டின. ஐந்து சென்சாரும் ஒரே காலையில் சாகுமா என்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்காமல் ஒரு சென்சார் வாங்கி மாட்டியும் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். என்னுடையது 11.9. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் 9-க்குக் கீழே விழுந்தது. அந்த நொடியில் இசியு தள்ளாடிக் கண்டதையும் எழுதி வைக்கிறது. புது பேட்டரி மாட்டி, ஐந்தையும் அழித்தேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை.

வாங்கிய சென்சார் இன்னும் பெட்டியில் இருக்கிறது. கோட் வந்தால் அந்தப் பாகம் போச்சு என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. கோட் சொல்வது அந்தப் பாகம் இருக்கும் தெருவை. எந்த வீடு என்று நாம்தான் தேட வேண்டும்.

*

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் பயந்துவிட்டேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரில் வைத்து, பின் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் செயின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் லைட் எரிந்தது. ஆப்பை மாட்டினால் கோட் எதுவும் இல்லை என்கிறது, லைட்டோ எரிகிறது. ஆப் கெட்டதா, வண்டி கெட்டதா என்று குழம்பிப் போனேன்.

ஏபிஎஸ்ஸுக்குத் தனி கண்ட்ரோல் யூனிட். சாதாரண ஓபிடி ஆப் இன்ஜின் யூனிட்டோடு மட்டும்தான் பேசுகிறது. பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது என்றால் ஏபிஎஸ்ஸுக்கு அது நடக்கக் கூடாத காரியம், உடனே லைட்டைப் போட்டுவிடும். சாவியை அணைத்து, மறுபடி போட்டு, கொஞ்ச தூரம் உருட்டியதும் லைட் தானாக அணைந்தது. எதையும் அழிக்க வேண்டி வரவில்லை. ஓட்டியும் அணையாவிட்டால் சக்கரச் சென்சாரில் சேறு, பல் வளையம் வளைந்திருப்பது என்று நிஜக் காரணம் தேட வேண்டும். அதுவரை பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் லாக் ஆனால் காப்பாற்ற ஆள் இல்லை.

(இனிமேல் செயினைக் கையால்தான் சுற்றுகிறேன். இன்ஜினை ஓடவிட்டுச் செயின் பக்கத்தில் விரலை நீட்டியது அதைவிடப் பெரிய முட்டாள்தனம் என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது.)

*

எல்லோரும் தன் வண்டியில் அழித்த கதை சொல்கிறீர்கள். நான் அடுத்தவர் அழித்ததைக் கண்டுபிடித்த கதை சொல்கிறேன்.

பழைய பைக் ஒன்று பார்க்கப் போயிருந்தேன். அழகாகத் துடைத்து வைத்திருந்தார், லைட் எதுவும் எரியவில்லை. அடாப்டரை மாட்டிப் பார்க்கலாமா என்றேன். தாராளமாக என்றார், அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. கோட் பூஜ்யம். நானும் திருப்தியாகக் கழற்றப் போனேன். நேரடி அளவுகளின் பட்டியலைச் சும்மா உருட்டியபோது கண்ணில் பட்டது: கோட் அழித்த பிறகு ஓடிய தூரம், 3 கிலோமீட்டர்.

எல்லா வண்டியும் இதைச் சொல்லாது. சொல்கிற வண்டியில் இந்த அளவும், அழித்த பிறகு இன்ஜின் எத்தனை முறை சூடாகி ஆறியது என்ற அளவும் இருக்கும். அழிக்கும் கட்டளை இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம் ஓடிய வண்டியின் கோட்டை இன்று காலை யாரோ அழித்திருக்கிறார்கள்.

நான் சண்டை போடவில்லை. "ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். கூடவே உட்கார்ந்து வந்தார். பதினைந்து நிமிஷத்தில் லைட் எரிந்தது. இரண்டு பேரும் எதுவும் பேசாமல் திரும்பி வந்தோம். கோட் என்னவென்று பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று. உண்மையாகவே பழுது நீங்கியிருந்தால் அழிக்க அவசரமே இல்லை. வழக்கமாக மூன்று முறை தொடர்ந்து பழுதில்லாமல் ஓடினாலே லைட் தானாக அணையும். கோட் இன்னும் கொஞ்ச காலம் நினைவில் கிடந்து, பிறகு அதுவும் போய்விடும். நான் இப்போதெல்லாம் கையால் அழிப்பதே இல்லை, தானாக அணைகிறதா என்று பார்க்கிறேன்.

*

முதலில் எழுதியவன் நான்தான். நாலு நாளாகச் சத்தமில்லை என்று பெருமையடித்தேன் அல்லவா? முந்தாநாள் மழை. நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் லைட்டும் ஃபேனும் ஜோடியாக ஆஜர். அதே பி0118.

இந்தத் தடவை பட்டன் பக்கம் கையே போகவில்லை. முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேம்: கூலன்ட் மைனஸ் 40, நினைத்தது போலவே. போனில் படம் எடுத்துக்கொண்டேன். சாவியை அணைத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். நான் பின்னை மட்டும் சுத்தம் செய்தேனே தவிர, தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்று கேட்கவே இல்லை. கப்ளரின் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் சீல் காணோம். போன தடவை நான் கழற்றியபோது விழுந்ததா, அதற்கு முன்பே இல்லையா? ஒரு மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினேன். டூல் பாக்ஸின் அடியில், கிரீஸ் துணியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஆக, முதல் நாள் தண்ணீர் உள்ளே போனதற்கு என்ன காரணம் என்பது இன்னமும் பாக்கி. பிரஷர் வாட்டரை நேராகக் காட்டியதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது முறைக்கு நான் மட்டுமே பொறுப்பு. சீலை மாட்டி, கப்ளர் 'டிக்' என்று உட்காரும்வரை தள்ளி, தேதியும் கிலோமீட்டரும் கோட்டும் நோட்டில் எழுதிவிட்டு வைத்திருக்கிறேன். அழிக்கவில்லை. மேலே சொன்னபடி தானாக அணைகிறதா பார்ப்போம். இன்று இரண்டாவது ஓட்டம் முடிந்தது, லைட் இன்னும் எரிகிறது. ஃபேன் சும்மா இருக்கிறது.