டபிள்யூஆர்எக்ஸுக்குக் குறைந்த செலவில் ஸ்னோ டயர்: எதை வாங்கலாம்?

நீலசுபாரு:
2022 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மேனுவல் கியர். இந்தக் காரோடு இதுதான் முதல் குளிர்காலம். டொரன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். தினமும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகவேண்டும், மாதம் ஒருமுறை மொன்ட்ரியால் பயணமும் உண்டு. இப்போது காரில் இருப்பது 245/40 ஆர்18, அதாவது 18 அங்குல ரிம்முக்கான கோடை டயர். 1,000 டாலருக்கு மேல் செலவழிக்க வழியில்லை. அதற்குள் என்ன வாங்கலாம்?

நாலுசக்கரம்:
தம்பி, நாலு சக்கரமும் இழுக்கிற காருக்கு ஸ்னோ டயர் எதற்கு? 9 வருடமாக என் சுபாரு ஃபாரஸ்டரை ஆல்-சீசன் டயரோடுதான் ஓட்டுகிறேன். எங்கும் சிக்கியதில்லை. பெரிய ரோட்டில் ஸ்னோ விழுந்த சில மணி நேரத்தில் உப்புப் போட்டு வழித்துவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல ஆல்-சீசன் ஒரு செட் வாங்கினால் வருடம் முழுக்க ஓடும்.

கராஜ்காரன்:
அண்ணா, சிக்கியதில்லை என்பது கார் கிளம்பியதைப் பற்றிய கணக்கு. நிற்பதற்கு ஏடபிள்யூடி, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வசதி, உதவாது. பிரேக் மிதித்தால் எந்தக் காராக இருந்தாலும் டயரின் ரப்பர்தான் பிடிக்கவேண்டும். சிக்னலில் பக்கத்துக் கார் சக்கரம் சுழன்று நிற்க, நம் கார் சுலபமாகப் புறப்படும். ரோடு வழுக்கவில்லை என்று நினைத்து வேகம் எடுத்துவிடுவோம். அடுத்த சிக்னலில்தான் உண்மை தெரியும். டிசம்பரில் முன் பம்பர் உடைந்து எங்களிடம் வரும் வண்டிகளில் ஏடபிள்யூடியும் நிறைய.

நீலசுபாரு, முதலில் அந்தக் கோடை டயரைக் கழற்றுங்கள். 7 டிகிரிக்குக் கீழே போனாலே அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். கடுங்குளிரில் ஓட்டினால் வெடிப்பே விழலாம்.

லவால்காரி:
கராஜ்காரன் சொல்வது சரி. ஆனால் தம்பி, மலிவு டயர் பக்கம் போகாதீர்கள். உங்கள் 18 அங்குல ரிம்மிலேயே மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோவோ பிரிட்ஜ்ஸ்டோன் ப்ளிசாக்கோ போடுங்கள். உயிரைக் காக்கும் பொருளில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மொன்ட்ரியால் வேறு வருகிறீர்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை ஸ்னோ டயர் கட்டாயம்.

கராஜ்காரன்:
அக்கா, அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிவான வண்டிக்குத்தான். ஒன்ராறியோ நம்பர் பிளேட்டுக்குப் பொருந்தாது. ஆனாலும் ஜனவரியில் அந்த ரோட்டுக்கு ஸ்னோ டயர் இல்லாமல் போகக் கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

18 அங்குலத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அளவில் நல்ல டயர் நாலு வாங்கினாலே பட்ஜெட் தாண்டிவிடும். இதே காரின் அடிப்படை மாடலுக்குக் கம்பெனியே 235/45 ஆர்17 போட்டுத்தான் விற்றது. அதனால் 17 அங்குல ரிம் போட்டாலும் பிரேக்கில் இடிக்காது. டயரின் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 106 ஆகும். மார்ச்சில் ரோடெல்லாம் குழியாகும்போது அந்த 8 மில்லிமீட்டர் ரிம்மைக் காப்பாற்றும். அகலம் குறைந்த டயர் உருகிய ஸ்னோவையும் நன்றாக வெட்டிப் போகும். 5×114.3 அளவில் (ஐந்து போல்ட், 114.3 மில்லிமீட்டர் வட்டம்) பழைய 17 அங்குல ரிம் தேடினால் கிடைக்கும். வளைவு, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தனி ரிம் இருந்தால் வருடம் இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். காரோடு வந்த நல்ல ரிம்மை உப்பும் தின்னாது.

லவால்காரி:
ரிம் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 17க்கு இறங்கிக் கிடைக்கும் மிச்சத்தை நல்ல டயரில் போடலாமே? ஐஸில் எக்ஸ்-ஐஸும் மலிவு டயரும் ஒன்றல்ல. இரண்டிலும் ஓட்டியிருக்கிறேன்.

கராஜ்காரன்:
ஒன்று என்று நான் சொல்லவில்லை. நடுத்தர விலையில் ஜெனரல் ஆல்டிமேக்ஸ் ஆர்க்டிக் 12 இருக்கிறது. ஜெனரல் 1987 முதல் கான்டினென்டல் குழுமத்தில்தான் இருக்கிறது. ஐஸில் பிடிக்க உலோக ஆணி அடிக்கும் வசதி உள்ள டயர், ஆனால் தெற்கு ஒன்ராறியோவில் ஆணிக்கு அனுமதி இல்லை, வெறுமனே ஓட்டலாம். எதை வாங்கினாலும் ஸ்னோவுக்குத் தகுதியான டயர் என்று காட்டும், மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ படம் பக்கச்சுவரில் இருக்கவேண்டும். எம்+எஸ் (சேறு, ஸ்னோ) எழுத்து மட்டும் போதாது.

நீலசுபாரு:
ஒருவர் பாவித்த மிஷெலின் செட்டை 400 டாலருக்குத் தருகிறார். இரண்டு புதிதுபோல, இரண்டு கொஞ்சம் தேய்ந்தது. எடுக்கலாமா?

கராஜ்காரன்:
வேண்டவே வேண்டாம். நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது சுபாருவின் கணக்கு. ரோட்டில் படும் ரப்பர் கட்டையின் ஆழத்தில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே சுற்றளவில் 6.28 மில்லிமீட்டர் வந்துவிடும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் நடு டிஃபரென்ஷியலுக்கு ஓய்வே கிடையாது, சூடேறிக் கெடும். அதை மாற்றுகிற செலவில் பல செட் டயர் வாங்கலாம். பழைய செட்டுதான் வேண்டுமென்றால் நாலும் ஒரே அளவு தேய்ந்திருக்கவேண்டும். எப்போது செய்தது என்று அறிய, டயரின் பக்கச்சுவரில் உள்ள டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள். 3519 என்றால் 2019இன் 35வது வாரம் செய்தது.

நாலுசக்கரம்:
கோடை டயர் ஆபத்து என்பது எனக்குத் தெரியாது, அதை ஏற்கிறேன். ஆனால் ஸ்காபரோவுக்குள் மட்டும் ஓட்டுகிற என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு செட் டயர், அதை வைக்க இடம், இதெல்லாம் பெரிய சுமை. காண்டோ அடுக்குமாடியில் இருப்பவர் எங்கே வைப்பார்?

லவால்காரி:
அண்ணா, அப்படியென்றால் பனிப்பூ படம் உள்ள ஆல்-வெதர் எடுங்கள். ஆல்-சீசன் வேறு, ஆல்-வெதர் வேறு. கியூபெக் சட்டமே அதை ஏற்கிறது. ஐஸில் ஸ்னோ டயருக்கு ஈடாகாது, ஆனால் இப்போது நீங்கள் ஓட்டுவதைவிடப் பலமடங்கு மேல். இன்சூரன்ஸிலும் கேளுங்கள். ஒன்ராறியோவில் 2016 முதல் ஸ்னோ டயருக்கு எல்லா நிறுவனங்களும் தள்ளுபடி தரவேண்டும். ஆல்-வெதருக்கும் உண்டா என்று விசாரியுங்கள்.

நாலுசக்கரம்:
தள்ளுபடி விஷயம் இவ்வளவு நாள் தெரியாமல் போய்விட்டது. நாளைக்கே கேட்கிறேன். டயரைப் பற்றி இன்னும் யோசிக்கவேண்டும்.

நீலசுபாரு:
பழைய 17 ரிம் 300 டாலருக்குப் பேசி வைத்திருக்கிறேன். ஆர்க்டிக் 12 புதிதாக நாலு வாங்கப்போகிறேன். லவால்காரி அக்கா, மன்னிக்கவும், எக்ஸ்-ஐஸ் என் கைக்கு எட்டவில்லை.

லவால்காரி:
மன்னிப்பு எதற்கு? நாலும் புதிது, நாலும் ஒன்று. நிம்மதியாக வாருங்கள்.

கராஜ்காரன்:
மாட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். மொன்ட்ரியால் கிளம்பும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.