துருக்கிக்காரங்க வீட்டுல வழக்கம் புரியாம திருதிருன்னு முழிச்ச அனுபவம் இருந்தா போடுங்க

கோணவகிடு:
மூணு வருசம் ஆச்சு, இன்னும் நெனச்சா காது சூடாகுது. கய்சேரில கூட வேலை பாக்குறவன் வீடு, நோன்புப் பெருநாள் மொத நாள், உள்ள போனதும் கையில எலுமிச்சை கொலோன்யா, அதான் வாசனைத் தண்ணி, ஊத்துனாங்க, அது பஸ்லயே பழகினதுதான். அவன் பாட்டி சோபால உக்காந்து வலது கைய நீட்டுனாங்க, புறங்கை மேல பாத்த மாதிரி. நான் புடிச்சு குலுக்கிட்டேன். நல்லா ரெண்டு தடவ. ரூமே கப்சிப். பின்னாடி நின்ன ஆறு வயசுப் பொடியன் என்னைத் தள்ளிட்டு வந்து அந்தக் கையில முத்தம் குடுத்து நெத்தில ஒத்திக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க. அவனுக்கு மிட்டாயும் காசும். எனக்கு மிட்டாய் மட்டும்.

சொம்புத்தண்ணி:
ரிசே பக்கம் மலைக்கிராமம், ரெண்டு நாள் ராஜ உபசாரம். கெளம்பி கார் நகருது, கண்ணாடில பாத்தா அந்தம்மா ஒரு சொம்பு தண்ணிய எங்க பின்னாடி வீசி ஊத்துறாங்க. சரி, நம்மள தலை முழுகிட்டாங்கன்னே நெனச்சேன், பாதி தூரம் வரைக்கும் பேசவே இல்ல. அப்புறம் டிரைவர்ட்ட நான் என்னய்யா தப்பு பண்ணேன்னு கேட்டா சிரிக்கிறான். "சு கிபி கித், சு கிபி கெல்", தண்ணி மாதிரி தடங்கலில்லாம போ, தண்ணி மாதிரி திரும்பி வான்னு அர்த்தமாம். நம்மூர்ல போறேன்னு சொன்னா திட்டு விழும்ல, போயிட்டு வரேன்னு சொல்லணும், அந்தக் கதைதான்.

மாடிவீட்டுக்காரி:
கோணவகிடு ஓவரா ஃபீல் பண்றீங்க, குலுக்குனா ஒண்ணும் குடி முழுகாது. இஸ்தான்புல்ல எங்க ஹவுஸ் ஓனரம்மா கைய முத்தப் போனேன், "எனக்கென்ன அவ்ளோ வயசா ஆயிடுச்சு"ன்னு வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க. ஆளப் பாத்துதான் செய்யணும்.

பெரியப்பா1960:
தம்பிகளா பொதுவா சொல்றேன் கேட்டுக்குங்க. செருப்ப வாசல்லயே விடுங்க, உள்ள போட்டுக்க அவங்களே தருவாங்க, அத வேணாம்னு சொல்லாதீங்க. ரொட்டித்துண்டு கீழ விழுந்தா மிதிச்சிடாம எடுத்து முத்தி நெத்தில வச்சு உயரமா எங்கயாவது வைக்கணும். சமைச்சவங்ககிட்ட "எலினே சாலுக்"னு ஒரு வார்த்த, உங்க கைக்கு சொகம்னு. டீ போதும்னா கிளாஸ் மேல ஸ்பூன குறுக்க வைங்க, இல்லன்னா ஊத்திட்டே இருப்பாங்க. அப்புறம் டீ அவங்களோட ஆதி வழக்கம்னு நெனச்சுக்காதீங்க, காப்பிக்கொட்டை வந்துட்டிருந்த யெமன் அவங்க கைய விட்டுப் போயி காப்பி வெல ஏறுன பொறவு 1924ல சட்டம் போட்டு ரிசே பக்கம் தேயிலைய வளத்து வீட்டுக்கு வீடு வந்தது. யுனெஸ்கோ பட்டியல்லயும் காப்பி 2013, டீ 2022 தான். என் அனுபவம்னா, பொண்ணு கேக்கப் போன எடத்துல அவங்க வழக்கப்படி மாப்பிள்ளையச் சோதிக்க உப்பு போட்ட காப்பி குடுத்தாங்க, மூஞ்சி சுளிக்காம குடிச்சான், காது மட்டும் செவந்துச்சு. அவ்ளோதான்.

ஜன்னல்சீட்டு:
பெரியப்பா, ஸ்பூன குறுக்க வச்சேன், அத எடுத்து தட்டுல வச்சிட்டு ஊத்துனாங்க. விடுங்க. என் கதை அந்தால்யா பஸ் ஸ்டாண்டு. கோன்யா பஸ் இதுதானேன்னு ஒரு பெரியவர்ட்ட கேட்டேன், "ச்"னு ஒரு சத்தம், புருவத்த தூக்கி தலைய மேல வெட்டுனாரு. நம்மூர்ல அதுக்கு என்ன அர்த்தம், "என்னப்பா?" தான? காது கேக்கல போலன்னு நான் மறுபடி சத்தமா "கோன்யா!". மறுபடி "ச்". நாலாவது தடவ கத்துறேன், கூட்டமே திரும்பிப் பாக்குது. அது "இல்ல"யாம். நான் கத்தி முடிக்கிறதுக்குள்ள பக்கத்து மேடைல இருந்த கோன்யா பஸ் போயிருச்சு.

கோணவகிடு:
மாடிவீட்டுக்காரி, உங்க ஓனரம்மா கைய இழுத்துக்கிட்டாங்க. எங்க பாட்டி நீட்டுனாங்கம்மா.