சில்லறையில் வந்த விசித்திரக் காசு: உங்கள் கைக்கு வந்தது என்ன?

டீக்கடைக்காரர், புதுச்சேரி

கடற்கரைப் பக்கம் கடை. ராத்திரி கல்லாவைக் கொட்டி எண்ணும்போது ஏதாவது ஒரு காசு உதைக்கும். எனக்கு அதிகமா வர்றது ஒரு யூரோ. வெளி வளையம் மஞ்சள், நடுவுல வெள்ளை, பார்வைக்கு நம்ம பத்து ரூபாயேதான். கூட்ட நேரத்துல யார் உத்துப் பார்க்கிறது? பக்கத்துல வச்சாத்தான் தெரியும்: யூரோ 23 மில்லிமீட்டர் சொச்சம், நம்மது 27. பத்து ரூபாய்க்குப் பதிலா யூரோ வந்தா லாபம்தானேன்னு கேட்பீங்க. மாத்தணுமே! பணம் மாத்துற கடையில நோட்டைத்தான் வாங்குறாங்க, காசுன்னா கையை விரிச்சுடுறாங்க. பிரான்சுக்குப் போய்வர்ற வீட்டுக்காரங்க யாராவது எடுத்துக்கிட்டாத்தான் உண்டு. சேகரிக்கிறவங்க கேட்கிற அபூர்வக் காசெல்லாம் இல்ல இது. உங்களுக்கு என்னென்ன வந்திருக்கு?

சொல்தா வீட்டுப் பேத்தி, புதுச்சேரி

எங்க வீட்டுல ஃபிராங்க் கதை, யூரோவுக்கு முன்னாடி பிரான்சுல புழங்கின பணம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர் (அவங்களைத்தான் இங்க சொல்தான்னு சொல்வோம்), ஒரு பிஸ்கட் டப்பா நிறைய காசு விட்டுட்டுப் போனார். என்னிக்காவது பேங்க்ல மாத்திக்கலாம்னு ஆயா பத்திரமா வச்சிருந்தாங்க. பிரான்சுல ஃபிராங்க் காசை மாத்திக் கொடுக்கிறது 2005 பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சு, நோட்டு 2012 பிப்ரவரியோட. அதுக்காக டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. 5 ஃபிராங்க் காசுல 1960லேருந்து 1969 வரைக்கும் வருஷம் இருந்தா அது வெள்ளி: 12 கிராம், ஆயிரத்துக்கு 835 பங்கு சுத்தம். 1965லேருந்து 1973 வரைக்கும் வந்த 10 ஃபிராங்க் இன்னும் கனம், 25 கிராம், 900 பங்கு. 1970லேருந்து வந்த 5 ஃபிராங்க்ல வெள்ளி கிடையாது, ஆனா விதை தூவுற பெண் உருவம் அதே மாதிரிதான் இருக்கும். படத்தைப் பார்க்காதீங்க, வருஷத்தைப் பாருங்க.

கண்டக்டர், கடலூர் – புதுச்சேரி தடம்

எனக்கு இலங்கைக் காசு. தமிழ்ல எழுதியிருக்கிறதால கொடுக்கிறவங்களுக்கே சந்தேகம் வர்றதில்ல. ஒரு பெரியவர் தவளக்குப்பத்துலேருந்து கடலூர் வரைக்கும் விடல: "தமிழ் போட்ட காசு எப்படிய்யா செல்லாது?" சிங்கப்பூர் காசுலயும் தமிழ் இருக்கு, அதுவும் வரும்.

பத்து ரூபாயை வாங்க மாட்டேன்னு பயணிங்க இன்னும் தகராறு பண்றாங்க. கோடு பத்தா பதினஞ்சான்னு எண்ணிப் பார்க்கிறாங்க. 14 வடிவமும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018லயே சொல்லியாச்சு.

இப்ப முக்கியமான விஷயம். வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012 காசு (அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் ரெண்டுலயும் உண்டு) லட்சக்கணக்குல போகும்னு வீடியோ பார்த்துட்டு, தினம் என் வண்டியில வர்ற ஒரு அக்கா போன் பண்ணியிருக்காங்க. எதிர்ல பேசினவன் ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி, பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன்னு கறந்திருக்கான். காசை வாங்குறவன் நமக்குத்தானே பணம் தரணும்? நம்மகிட்ட முன்பணம் கேட்டா உடனே போனை வச்சிடுங்க. இந்த மாதிரி வியாபாரத்துக்கு எங்க பேரைச் சொல்ல யாருக்கும் அனுமதி கொடுக்கலன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்ல அறிக்கையே விட்டிருக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார், மஞ்சக்குப்பம்

முதலில் ஒரு வேண்டுகோள். பழைய காசு கிடைத்ததும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும். சேகரிப்பவர்கள் தேடுவது அச்சடித்த அன்றைய மேற்பரப்பை; தேய்த்த காசு அவர்களுக்கு வேண்டாம்.

என்னிடம் காட்ட வருபவர்களில் பாதிப் பேர், "வருஷத்துக்குக் கீழே குறியே இல்லை, இது பிழைக் காசா சார்?" என்பார்கள். வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. அவ்வளவுதான்.

உண்மையான பிழை வேறு மாதிரி இருக்கும். சிங்கத் தலை நேராக நிற்கும்படி காசைப் பிடித்து, புத்தகத் தாளைப் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. அதற்கு ஆள் உண்டு. படம் ஓரமாக ஒதுங்கி, ஒரு பக்கம் வெற்றாகக் கிடந்தாலும் அப்படியே. நடுவட்டம் இல்லாத பத்து ரூபாயைக் கண்டால் மட்டும் எச்சரிக்கை: சுத்தியலால் தட்டிக் கழற்றியதாகவும் இருக்கலாம். உள் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஜார்ஜ் மன்னர் ரூபாய்க்குக் காந்தமும் வருஷமும் போதும். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1940 முதல் 1945 வரை பாதிக்குப் பாதி வெள்ளி, ஒட்டாது. அதற்கு முந்தையதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல் வெள்ளி.

1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் காசும், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த நூற்றாண்டு ஐந்து ரூபாயும் என் மேசையில் இருக்கின்றன. புழங்கித் தேய்ந்தவை, விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் தேறாது. விற்கவும் மாட்டேன்.

ஞாயிறு சந்தைக்குப் போகிறவன், முத்தியால்பேட்டை

காந்தி வீதி பிளாட்பாரத்துல நான் தேடுறது பிரெஞ்சுக்காரன் காலத்துச் செப்புத் துட்டு. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் பழைய எழுத்துல புதுச்சேரின்னு தமிழ்லயே இருக்கும். கையில எடுத்தா முதல்ல விளிம்பைப் பார்ப்பேன். சுத்தி ஒரே கோடு ஓடினா, முகத்துல ஊசி குத்தின மாதிரி குழி இருந்தா அது வார்ப்பு, நகல். ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு 1818ன்னு கிழக்கிந்தியக் கம்பெனி பேர்ல விக்கிறாங்களே, கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே இல்ல. அதைக் காட்டி, காந்தம் மாதிரி அரிசியை இழுக்கிற அபூர்வ சக்தி இருக்குன்னு சொன்னா, பேசாம நடையைக் கட்டுங்க.

ஆத்து மணல்ல, கொல்லையில புதைஞ்சு கிடைச்சதுன்னு வந்தா அது வேற சமாச்சாரம். 1878 புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். வாங்குறவனுக்கும் அது தலைவலி.

கேள்வி, திருப்பாதிரிப்புலியூர்

தாமரை போட்ட 20 பைசாவுல தங்கம் கலந்திருக்குன்னு அம்மா சொல்றாங்க. நிஜமா சார்?

ஓய்வுபெற்ற வாத்தியார், மஞ்சக்குப்பம்

இல்லையம்மா. 1968 முதல் 1971 வரை வந்தது, பித்தளை வகை. பொட்டுத் தங்கம் கிடையாது. தேய்க்காமல் வைத்திருந்தால் ஒரு படம் அனுப்புங்கள், வருஷமும் அதன் கீழே உள்ள குறியும் தெரிகிற மாதிரி.