முன் மட்கார்டு டயரில் உரசுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்குக்கு வெளியில் வாங்கிய முன் மட்கார்டு மாட்டியிருக்கிறேன். இடது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. வலது பக்கத் தாங்கு கம்பி மட்டும் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கால்) விட்டு ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் தள்ளி நிற்கிறது. போல்ட்டை இறுக்கினால் தகடு சாய்ந்து டயர் ஓரத்தில் உரசுகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடுகிற வண்டி. இடைவெளியில் கல் சிக்கி முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் கேட்கிறேன்.

போல்ட் ஓட்டையை ராவிப் பெரிதாக்கலாம் என்கிறார் மெக்கானிக். அதிர்வில் அங்கேயே விரிசல் விடும், எனக்கு மனம் ஒப்பவில்லை. வாஷர் கொடுத்தால் போதுமா, கம்பியை வளைக்க வேண்டுமா? அப்புறம், ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் அளவெடுத்து, இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வளையம் கடைந்து தருகிற லேத் பட்டறை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.