உங்களை மடக்கிய சொல் எது? அனுபவங்களைப் பகிருங்கள்

வைகைக்கரை:

அப்பா ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. பணப்பலன் வந்த வங்கிக்கே எஃப்.டி. போடப் போனோம். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் 'பாலிசி' என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. "இதுவும் டெபாசிட் மாதிரிதான் ஐயா, வட்டியைவிடக் கூடுதலாகவே வரும்" என்றார். அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்றார். அந்தப் பெண் வற்புறுத்தவே இல்லை. அப்பாவின் செல்போன் திரையில் இருந்த என் மகளின் படத்தைப் பார்த்து, "பேத்தியா ஐயா? இது முடியும்போது காலேஜ் வாசலில் நிற்பாளே" என்று மட்டும் சொன்னார். அப்பாவின் கை தானாகப் பேனாவைத் தேடிப் போனது. மூடியை அவர் பல்லால் கடித்துத் திறந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு குறுஞ்செய்தி வந்தது: இரண்டாம் ஆண்டு பிரீமியம் 2 லட்சம் கட்ட வேண்டுமாம். ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டிய யூலிப் அது, அதாவது கட்டும் பணத்தின் ஒரு பகுதியைச் சந்தையில் முதலீடு செய்யும் காப்பீட்டு பாலிசி.

அவர் பொய் சொன்னார் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. 'மாதிரி' என்றுதானே சொன்னார்? அந்த மூன்றெழுத்து எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

செண்பகவல்லி:

எனக்கு நகைக்கடையில் நடந்தது. மகள் கல்யாணத்துக்கு ஐந்து பவுனில் ஆரம் பார்த்தோம். விலை என்ன என்று கேட்டேன். விற்பனையாளர் பதில் சொல்லாமல் ஆரத்தை மகள் கழுத்தில் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் திருப்பினார். அவள் பக்கம் அல்ல, என் பக்கம். பணம் கொடுக்கப்போவது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சேதாரம் 18 சதவீதம் என்றார். நான் முகம் சுளித்ததும் மேலாளரிடம் போய்க் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்து, "உங்களுக்காக 14" என்றார். எதையோ வென்றுவிட்ட மகிழ்ச்சியில் பில்லைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 40 கிராமில் 14 சதவீதம் என்றால் 5.6 கிராம். கழுத்தில் ஏறாத தங்கத்துக்கு ஏறக்குறைய முக்கால் பவுன் விலை கொடுத்திருக்கிறேன். முதலில் 18 என்று காதில் விழாமல் இருந்திருந்தால், 14 எனக்குக் குறைவாகத் தெரிந்திருக்குமா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

முகவர்22:

வைகைக்கரை தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பழியைப் பேச்சுத்திறனின் மேல் போடாதீர்கள். நடந்தது மறைப்பு. பேச்சுத்திறன் வேறு, மறைப்பு வேறு. நான் 22 ஆண்டுகளாக ஆயுள் காப்பீட்டு முகவர். ஒரு லாரி ஓட்டுநரிடம் ஆறு மாதம் அலைந்தேன். கடைசியில், "நீங்கள் லோடு ஏற்றிப் போயிருக்கும்போது வீட்டில் பால் கணக்கை யார் தீர்க்கிறார்கள்?" என்று கேட்டேன். "நான் வந்துதான்" என்றார். அதற்குமேல் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார். அவர் எடுத்தது டேர்ம் பாலிசி. முதிர்வுத் தொகை கிடையாது என்பதை இரண்டு முறை சொல்லித்தான் கொடுத்தேன்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாலிசி பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். முன்பு 15 நாள்களாக இருந்தது, 2024 விதிகளில் 30 ஆனது. உங்களுக்கு அது கடந்துவிட்டது. யூலிப்புக்கு 2010 செப்டம்பர் முதல் ஐந்தாண்டு பூட்டு. இப்போது பிரீமியத்தை நிறுத்தினாலும், கழிவு போக மீதி ஐந்தாண்டு முடிந்த பிறகுதான் கைக்கு வரும். ஆகவே இரண்டாம் பிரீமியத்தைக் கட்டுவதா வேண்டாமா என்பதை ஆத்திரத்தில் முடிவு செய்யாதீர்கள். பலன் விளக்கத் தாள் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். பணம் ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்ந்தால், 8 சதவீதம் வளர்ந்தால் என்று இரண்டு அனுமானங்களில் கணக்கு இருக்கும். அதில் கையெழுத்து வாங்கினார்களா, உறுதி செய்ய வந்த தொலைபேசி அழைப்பில் அப்பா என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைப்பவர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பேசியது அனைத்தையும் நினைவு இருக்கும்போதே தேதி வாரியாக எழுதி வையுங்கள். 'மாதிரி' என்ற சொல்லையும் எழுதுங்கள். உங்கள் வழக்கே அதுதான்.

தலைமையாசிரியை:

2017 பிப்ரவரி, தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம். அந்த ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்திகள் சுற்றின என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோர் கூட்டத்தில் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் என்னவாகும் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்தார். "டீச்சர், உங்கள் பிள்ளை இந்தப் பள்ளியிலா படிக்கிறது?"

என் மகன் தனியார் பள்ளியில் படித்தான். அவனுக்கும் அங்கே அதே ஊசிதான் போடப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என் பேத்தி மூன்றாம் வகுப்பு. முதல் ஊசியை அவளுக்குப் போடச் சொல்கிறேன். நின்று பார்த்துவிட்டுப் போங்கள்." அன்று கேள்வி கேட்ட அந்தத் தந்தையும் நின்று பார்த்தார், பிறகு தன் பிள்ளையை வரிசையில் விட்டார். சொல் வெல்வதில்லை, சொல்கிற ஆள்தான் வெல்கிறார் என்று அன்றிலிருந்து நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

பழைய பேச்சாளன்:

டீச்சர் அம்மா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வாட்ஸ்அப் வதந்தியைச் சொன்ன ஆள் யார்? முகமே தெரியாது. அப்படியும் ஊரையே பயமுறுத்தியதே! ஆள்தான் வெல்கிறார் என்றால் அது எப்படி? சொல்லின் அமைப்பிலேயே வலிமை இருக்கிறது. புறநானூற்று 95ஆம் பாட்டில், தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூட்டி நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று, அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார் சொல்கிறார். எவன் போர் பழகியவன் என்பதைச் சொல்லவில்லை. அந்த முடிவுக்குத் தொண்டைமானே வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டார். நாமே கண்டுபிடித்ததாக நினைக்கும் முடிவை நாம் எளிதில் விடுவதில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. கல்லூரியில் விவாதப் போட்டி. சீட்டுக் குலுக்கியதில் 'முதியோர் இல்லம் தேவையே' என்ற அணி எனக்கு விழுந்தது. வீட்டில் தனியாகக் கிடக்கும் கிழவியைப் பற்றி ஒரு சித்திரம் வரைந்தேன்: பகலெல்லாம் யாரும் பேசாத வீடு, ஆறிப்போன காப்பி. அரங்கம் அமைதியாகிவிட்டது. வெள்ளிக் கோப்பை எனக்கு. முன்வரிசையில் என் பாட்டி.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டி கேட்டாள்: "அங்கே ராத்திரிச் சோறு எத்தனை மணிக்குப் போடுவார்கள்?"

சீட்டில் விழுந்த தலைப்பு என்று எவ்வளவோ சொன்னேன். "நீ சொன்னது அத்தனையும் சரிதானே" என்றாள். நான் அடுக்கிய காரணங்களில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. அதன்பின் மேடை ஏறவில்லை.

நொய்யல்:

என் அக்காவுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற செவிலியர், தைரியசாலி. போலீஸ் என்று சொல்லிக்கொண்ட மோசடிக்காரர்கள் 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ அழைப்பில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவன் மிரட்டினான். இன்னொருவன், "எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது அம்மா, உங்களைக் காப்பாற்றத்தான் பார்க்கிறேன்" என்றானாம். மிரட்டியவனை அக்கா நம்பவில்லை. இந்த இரண்டாமவனைத்தான் நம்பினாள். குழம்பு தீய்ந்தபோது, தன் வீட்டு அடுப்பை அணைக்க அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். "அணைத்துவிட்டு வரலாமா சார்?" தீய்ந்த வாடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியதால் பணம் தப்பியது. அப்படியொரு கைது சட்டத்திலேயே இல்லை. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை எல்லோரும் போனில் பதிந்து வையுங்கள். பணம் தப்பியதைப் பற்றி அக்கா பேசுவதே இல்லை. "அவனிடம் போய் அடுப்புக்கு அனுமதி கேட்டேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

வைகைக்கரை:

முகவர் ஐயா, நன்றி. அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்தேன். 4, 8 இரண்டும் இருக்கின்றன, கீழே அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி தேதி வாரியாகப் புகார் எழுதி நேற்று இரவு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். "இதனால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடுமா?" என்று கேட்டார். தாள் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது, பேனாவும் பக்கத்தில் இருக்கிறது.