வராத பணமும் வந்த பணமும்

திருப்பூர், பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர்:

ஆன்லைன் சூதாட்டத்தில் ஜெயித்த பணம் எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும் என்று பலரும் கேட்கிறீர்கள். எனக்கு இரண்டே நிமிடத்தில் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 ஆடி மாதம். வெளிநாட்டு உரிமம் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு காசினோ தளம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் 2,000 ரூபாய் போட்டேன். பணம் அனுப்பச் சொல்லிக் காட்டிய யுபிஐ முகவரி யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அடுத்த வாரம் வேறொரு பெயர். அதற்கடுத்த முறை ஒரு மளிகைக் கடை. என் மேசைக்கு ஒரு ரோல் துணி வந்தால் எந்த நிட்டிங், எந்தச் சாயப்பட்டறை என்று டிசி (சரக்கோடு வரும் டெலிவரி சீட்டு) பார்க்காமல் விரிக்கவே மாட்டேன். என் பணம் யாருக்குப் போகிறது, யாரிடமிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் 9,000 ரூபாய் ஜெயித்தேன். எடுக்கக் கேட்டேன்; டீ குடித்து முடிப்பதற்குள் கணக்கில் ஏறிவிட்டது. கம்பெனியில் எல்லோரிடமும் காட்டினேன். பதினோராம் நாள் ஏடிஎம்முக்குப் போனால் பணம் வரவில்லை. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள் வங்கியில். எனக்கு வந்த 9,000 ரூபாய், வடமாநிலத்தில் ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம். அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகக் கைமாறியதோ அத்தனை கணக்கையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறது காவல்துறை. வரிசையில் என்னுடையது நான்காவது கணக்கு.

அந்தத் தளத்துக்கென்று வங்கிக் கணக்கே கிடையாது என்பது அப்போதுதான் புரிந்தது. ஊரான் கணக்கில் வாங்குகிறார்கள், ஊரான் கணக்கிலிருந்து கொடுக்கிறார்கள். திருட்டுப் பணமும் சூதாட்டப் பணமும் ஒரே சாக்கில் கிடக்கின்றன. கைக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்து நீட்டினால் இரண்டு நிமிடத்தில் ஏன் வராது?

அது மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். புகார் பதிவான ஊரின் சைபர் காவல் நிலையத்துக்கு எழுதுங்கள் என்றார்கள். என்ன எழுதுவது? ஏது இந்தப் பணம் என்று கேட்டால், சூதாடி ஜெயித்தது என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. நான்கு மாதம் முதலாளியிடம் கெஞ்சிச் சம்பளத்தைக் கையில் வாங்கினேன். கடைசியில் ஒரு வழக்கறிஞர் மூலம் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். 9,000 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்துக் கணக்கைத் திறந்துவிட்டார்கள்.

ஈரோடு, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை:

திருப்பூர் அண்ணனுக்குப் பணம் வந்ததால் சிக்கல். என் சித்தப்பா மகனுக்கு வரவே இல்லை. சென்னிமலையில் கைத்தறிப் போர்வை வியாபாரம் செய்கிறான். திரையில் 48,000 ரூபாய் காட்டியது. எடுக்கப் போனால், "30 சதவீத வரியாக 14,400 ரூபாயை முதலில் கட்டுங்கள், முழுத் தொகையும் விடுவிக்கப்படும்" என்று செய்தி. கட்டிவிட்டான். பிறகு ஆவணச் சரிபார்ப்புக்கு 5,000. அதையும் கட்டினான். மூன்றாவதாகக் கேட்டபோதுதான் அலைபேசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "வரி கட்டித்தானே அண்ணா ஆக வேண்டும்?" என்றான். வரிக்குப் பயப்படுகிற நல்ல பிள்ளை என்பதால்தான் ஏமாந்தான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் பிடிக்கும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தில் அது பிரிவு 194பிஏ. ஆனால் பிடிக்க வேண்டியது பணம் கொடுப்பவர். பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில், வருமான வரிக் கணக்கில் தெரியும். ஜெயித்தவரை முன்கூட்டி யுபிஐயில் கட்டச் சொல்லும் வரி எதுவும் இல்லை. தம்பியிடம் அவர்கள் பான் எண்ணையே கேட்கவில்லை!

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் வரை பந்தயத்துக்காகப் போடும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. அதாவது நீங்கள் போட்ட 100 ரூபாயில் ஏறக்குறைய 22 ரூபாய் வரிக்கே போக வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே நடத்தினாலும் இந்தியாவில் பதிவு செய்து ஜிஎஸ்டியைக் கட்ட வேண்டும் என்பதே சட்டம். அதற்கு மேல் ஆள் அடையாளச் சரிபார்ப்பு, தணிக்கை, உரிமக் கட்டணம். இத்தனை செலவு செய்கிற ஒருவரால் "வரி இல்லை, காத்திருக்க வேண்டாம், போட்ட பணத்துக்கு இரண்டு மடங்கு போனஸ்" என்று விளம்பரம் செய்ய முடியுமா? செலவே செய்யாதவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

நல்ல தளமாக ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடையிலிருந்து ரம்மிக்கும் போக்கருக்கும்தான் விலக்குத் தந்தது. அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை அது தொடவில்லை. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டமோ பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனையையும் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. ஆடுபவரைத் தண்டிப்பது அந்த மத்தியச் சட்டத்தின் நோக்கமில்லை. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அன்றே 1930க்குச் சொல்லுங்கள். தம்பி ஒன்பது நாள் கழித்துச் சொன்னான். அதற்குள் பணம் எங்கோ போய்விட்டது.

கோபிசெட்டிபாளையம், குடும்பத் தலைவி:

நான் ஆடவில்லை, என் வீட்டுக்காரர் ஆடினார். பணம் எடுக்கக் கேட்டால் 72 மணி நேரம் "பரிசீலனையில்" என்று இருக்கும். அதற்குக் கீழேயே "கோரிக்கையை ரத்து செய்து ஆட்டத்தைத் தொடர்க" என்று ஒரு பொத்தான். முதல் நாள் இரவு தாக்குப்பிடிப்பார். இரண்டாம் இரவு தூக்கம் வராது, அந்தப் பொத்தானை அழுத்திவிடுவார். விடிவதற்குள் எல்லாம் போய்விடும். மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை போனது என் தோட்டை அடகு வைத்த பணம். பிரிட்டனில் 2021லேயே இந்தப் பொத்தானைத் தடை செய்துவிட்டார்களாம். அங்கேயும் எத்தனை பெண்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்களோ.

சோமனூர், விசைத்தறி:

திருப்பூர் தம்பி சொன்ன நான்காவது கணக்கைப் பற்றிப் படித்ததும் எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒரு முதல் கணக்கு என் தறிக்குடோனிலேயே இருந்தது. எங்களிடம் பாவு பிணைக்கும் அம்மாளின் மகன், 19 வயது. மாதம் 5,000 ரூபாய் தருகிறோம், வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தால் போதும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டான். போன மாதம் வெளிமாநிலக் காவலர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் பாஸ்புக்கை என்னிடம் கொடுத்து, "என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் சாமி" என்றார். கடைசிப் பக்கம் வரை ஒரே மாதத்து வரவும் செலவும். ஒரு வரவுகூட அந்தப் பையனுடையது இல்லை. இனி என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திருப்பூர், கட்டிங் மாஸ்டர்:

அண்ணா, நாளை ஞாயிற்றுக்கிழமை, எனக்கு விடுமுறை. எனக்கு உதவிய வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு பத்து மணிக்குள் சோமனூர் வந்துவிடுகிறேன். பையனையும் அந்தப் பாஸ்புக்கையும் அழைப்பாணை ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் தயாராக வைத்திருங்கள். யார் கேட்டும் அவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.